கொந்தளிக்கும் நீரில் எந்தப் பலகை?

குளத்தங்கரையில் நின்று ஓட்டுச் சில்லு எறிந்து விளையாடியிருப்பீர்கள். சில்லைச் சும்மா நீரில் போட்டால் மூழ்கிவிடும். அதையே தட்டையாகப் பிடித்து வேகமாக வீசினால், தத்தித் தத்தி நான்கைந்து முறை நீரின் மேல் தாவிச் சென்ற பிறகே மூழ்கும். ஓட்டுச் சில்லு நீரைவிட அடர்த்தி மிக்கது. மிதக்கும் தன்மை அதற்கு இல்லை. ஆயினும் வேகம் இருக்கும்வரை நீர் அதைத் தாங்குகிறது. சற்றே சாய்ந்திருக்கும் அதன் அடிப்பரப்பு நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீரும் சில்லை மேல்நோக்கித் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

இதே தத்துவத்தின் மேல் மனிதன் நின்றுகொண்டு கடலில் விரையும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குக் 'கைட்போர்டிங்' என்று பெயர். விளையாடுபவர் இடுப்பில் அகன்ற வார்ப்பட்டை அணிந்திருப்பார். அதிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள கயிறுகள், வானில் பறக்கும் பெரிய பட்டம் ஒன்றுக்குச் செல்லும். காலடியில் ஒரு பலகை. பட்டம் இழுக்க, பலகை நீரின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். நீரில் விழுந்தாலும் மீண்டும் எழுப்பக்கூடிய, காற்றடைத்த வளைந்த பட்டத்தை உருவாக்கியவர்கள் பிரான்சு நாட்டின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த லெகைன்யூ சகோதரர்கள். அவர்கள் 1984ஆம் ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமை கோரினர். விளையாட்டு உலகெங்கும் பரவியது 1990களின் இறுதியில்தான். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்று, மார்செய் நகரக் கடலில் போட்டிகள் நடைபெற்றன.

பட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவர். கண்ணைக் கவர்வது அதுதானே! நாம் இங்கே காலடியில் கிடக்கும் பலகையைக் கவனிப்போம். அதன் உருவத்துக்குள் பௌதிகம் நிறையவே அடங்கியிருக்கிறது.

ஒரு புதிர் போட்டுப் பார்ப்போமா? கடற்கரையில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கிறார். காற்று மென்மையாக வீசுகிறது. கடலோ குட்டையான சிற்றலைகளால் கொந்தளித்துக் கிடக்கிறது. அவர் அருகே மணலில் மூன்று பலகைகள் உள்ளன. முதலாவது 136 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது; வில்லைப் போல் இரு முனைகளும் நன்றாக மேலே வளைந்தது. இரண்டாவது 160 சென்டிமீட்டர் நீளம், 46 சென்டிமீட்டர் அகலம், ஏறத்தாழத் தட்டையானது. இந்த வகைக்கு விளையாட்டினர் வைத்திருக்கும் கேலிப் பெயர் 'கதவு'. மூன்றாவது கடலலைச் சறுக்குப் பலகையின் தம்பி போன்றது. 178 சென்டிமீட்டர் நீளம், 48 சென்டிமீட்டர் அகலம், முன்மூக்கு மட்டும் மேல்நோக்கி வளைந்தது, பின்புறம் நேரானது. அவர் எதை எடுக்க வேண்டும்?

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

நகரும் பாய்மம் ஒரு பொருளின்மேல் செலுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் (அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர்) என்றால் அது நல்ல காற்று. அது நொடிக்கு 6 மீட்டராகக் குறைந்தால், வேகம் பத்தில் ஆறு பங்காகிறது. ஆனால் விசையோ நூறில் 36 பங்காகச் சுருங்கிவிடுகிறது! முன்பு 12 சதுர மீட்டர் பட்டம் கொடுத்த இழுப்பைப் பெற இப்போது 33 சதுர மீட்டர் பட்டம் வேண்டும். அவ்வளவு பெரிய பட்டத்தை மனிதனால் ஆள முடியாது. அது மெதுவாகத்தான் திரும்பும். 17 சதுர மீட்டர் அளவுள்ள பட்டத்தையே பெரியது என்பார்கள். பட்டத்தை வானில் எட்டு வடிவத்தில் ஓட்டினால், அதன் ஓட்டமே கூடுதல் காற்றை உண்டாக்கி இழுப்பைச் சற்று உயர்த்தும். ஆனாலும் மொத்தத்தில் இழுப்பு குறைவே. இந்தக் குறையைப் பலகைதான் ஈடுகட்ட வேண்டும்.

பலகை எப்படி ஈடுகட்டும்? நீர் தரும் தாங்கு விசையும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அத்துடன் நனைந்த பரப்பையும் பொறுத்தது. நல்ல காற்றில் பலகை நொடிக்கு 6 மீட்டர் ஓடுகிறது, மெல்லிய காற்றில் 4 மீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். 36ஐ 16ஆல் வகுத்தால் 2.25. அதே எடையை அதே சாய்வில் தாங்க இரண்டேகால் மடங்கு பரப்பு வேண்டும் என்பது இதன் பொருள். நமது இரண்டாவது பலகையின் பரப்பு முதலாவதைப்போல் 1.35 மடங்கு. மீதியைச் சாய்வைக் கூட்டிப் பெற வேண்டும். சாய்வைக் கூட்டினால் தடையும் கூடும்.

பரப்பைக் கூட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நீளத்தைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது நல்லது. வழுக்கிச் செல்லும் பலகையில், புதிய நீரை முதலில் சந்திக்கும் குறுக்குக் கோட்டில்தான் அழுத்தம் மிக அதிகம். பின்னால் போகப்போக அது குறைந்துவிடும். அகலம் கூடினால் அந்தக் கோடு நீள்கிறது.

இன்னொரு தடையும் இருக்கிறது. மெதுவாகச் செல்லும் பலகை தனக்கு முன்னால் தானே ஓர் அலையை எழுப்பிக்கொள்கிறது. வேகம் பெற வேண்டுமானால் அந்த அலையின் மேட்டில் அது ஏறியாக வேண்டும். ஏறும்வரை தடை அதிகம். ஏறி முடித்தவுடன் தடை குறைந்து, பலகை விடுதலை பெற்றதுபோல் வழுக்கத் தொடங்கும். பள்ளத்தில் இறங்கிய மாட்டு வண்டியை மேட்டுக்கு ஏற்றும் வேலைதான் இது. மேட்டில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். சமதரையில் ஓட்ட ஒரு மாடு போதும். மெல்லிய காற்றுக்கு இந்த மேட்டைக் கடக்க வலுவில்லை. அகலமான, தட்டையான பலகை குறைந்த வேகத்திலேயே மேட்டைக் கடந்துவிடுகிறது.

இதுவரை பார்த்தால் 'கதவு'தான் வெற்றி பெறும். நீர் தட்டையாக இருந்தால் அதுவே சரியான விடையும்கூட.

அலை கொடுக்கும் அடி

சிற்றலைகளின் அளவை நீங்களே கணக்கிடலாம். ஒரு குச்சியைக் கடந்து அடுத்தடுத்த இரண்டு முகடுகள் செல்லும் இடைவெளியை நொடியில் அளந்துகொள்ளுங்கள். ஆழமான நீரில், அந்த எண்ணின் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அந்த எண்ணையே 1.56ஆல் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும். இடைவெளி ஒன்றரை நொடி என்றால் அலைநீளம் 3.5 மீட்டர், வேகம் நொடிக்கு 2.3 மீட்டர்.

நம் வீரர் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில், காற்று வரும் திசைக்கு 60 பாகை கோணத்தில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு வரும் அலைகளை நோக்கி அவர் செல்லும் வேகக்கூறு இதில் பாதி. அதாவது 3 மீட்டர். அலைகளும் 2.3 மீட்டர் வேகத்தில் எதிரே வருகின்றன. இரண்டையும் கூட்டி 3.5ஆல் வகுத்துப் பாருங்கள். நொடிக்கு ஒன்றரை அடி! ஒரு நிமிடத்துக்கு 90 முறை பலகையின் வயிற்றில் அலை அறைகிறது. பத்து நிமிடம் ஓடினால் 900 அறை. முழங்கால்தான் இத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறையின் வலிமை எதைப் பொறுத்தது? கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைகீழாகக் கைகளைக் கூப்பிக்கொண்டு பாய்ந்தால் நீர் வழிவிடும். வயிறு தட்டையாக விழுந்தால் சுளீரென்று அறையும். இந்த அனுபவ உண்மையைக் கணக்காக்கியவர்கள் விமானப் பொறியியலாளர்கள். நீரில் இறங்கும் விமானங்களின் மிதவைகள் உடைந்துபோகாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு 1929இல் தியோடர் ஃபான் கார்மான் விடை தேடினார். 1932இல் ஹெர்பர்ட் வாக்னர் அதை மேலும் செம்மைப்படுத்தினார். வாக்னரின் சமன்பாட்டின்படி, நீர்ப்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் இடையிலுள்ள கோணம் 10 பாகையிலிருந்து 20 பாகையாக உயர்ந்தால், மோதும் இடத்தில் ஏற்படும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கோணத்தில் பத்துப் பாகைக்கு இவ்வளவு மதிப்பு!

இப்போது 'கதவு' ஏன் துன்புறுத்துகிறது என்பது விளங்கும். அதன் தட்டையான, அகன்ற அடிப்பரப்பு ஒவ்வோர் அலைச்சரிவிலும் ஏறத்தாழத் தட்டையாகவே விழுகிறது. வலி ஒருபுறம் இருக்கட்டும். ஒவ்வோர் அறையும் பலகையின் வேகத்தில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. பலத்த காற்றில் பட்டம் அதை உடனே திருப்பித் தந்துவிடும். மெல்லிய காற்றிலோ வேகம் மீள்வதற்குள் அடுத்த அலை வந்துவிடும். நான்கைந்து அலைகளுக்குப் பிறகு பலகை வழுக்கும் நிலையை இழந்து, மேட்டுக்குப் பின்னால் அமிழ்ந்துவிடும். மறுபடியும் வண்டியை மேடேற்ற வேண்டியதுதான். கொந்தளிப்பும் மெல்லிய காற்றும் சேர்ந்து வரும்போது, தனித்தனியே தரும் தொல்லைகளின் கூட்டுத்தொகையைவிட அதிகத் தொல்லை தருவது இதனால்தான்.

அப்படியானால் நன்றாக வளைந்த முதல் பலகை? மூக்கு மேலே இருப்பதால் அலைமேல் எளிதில் ஏறும். நடுப்பகுதி மட்டுமே நீரைத் தொடுவதால் அறையும் குறைவு. நம் கட்டுமரத்தின் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருப்பதும் அலைமேல் ஏறுவதற்கே. ஆனால் இந்தப் பலகை மெல்லிய காற்றில் வழுக்கவே தொடங்காது. பரப்பு குறைவு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை ஒரு கரண்டியைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம்.

கரண்டி சொல்லும் செய்தி

வீட்டில் குழாயைத் திறந்து நீரைச் சீராக விழ விடுங்கள். ஒரு கரண்டியின் காம்பு நுனியை இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் குவிந்த முதுகுப்புறம் நீர்த்தாரையை மெல்லத் தொடும்படி செய்யுங்கள். நீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பதோ வேறு. கரண்டி நீர்த்தாரைக்குள் இழுக்கப்படும். குவிந்த பரப்பை ஒட்டி நீர் வளைந்து செல்கிறது. நீரை வளைத்துத் திருப்பிய பரப்பு, அதற்கு எதிர்த்திசையில் இழுக்கப்படுகிறது.

வளைந்த பலகையின் பின்பாதியை இந்தக் கரண்டி முதுகாக எண்ணிப் பாருங்கள். நீர் அதன் வளைவைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கித் திரும்பும். அதன் விளைவாகப் பலகையின் வால் கீழ்நோக்கி உறிஞ்சப்படும். தடை கூடும், வேகம் குறையும். ஆகவே பின்பகுதி நேராக இருக்க வேண்டும். அதன் முடிவில் விளிம்பு கூராக இருக்க வேண்டும். அப்போதுதான் நீர் பற்றிக்கொள்ளாமல் விடுபட்டுச் செல்லும். விசைப்படகுகளின் பின்புறம் கத்தியால் வெட்டியதுபோல் முடிவதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

முரண்பாடு எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா? முன்பகுதிக்கு வளைவு வேண்டும், பின்பகுதிக்கு வளைவு கூடாது. ஆனால் முதல் இரண்டு பலகைகளும் இருமுனைப் பலகைகள். வலப்பக்கம் போகும்போது எது மூக்கோ, இடப்பக்கம் திரும்பும்போது அதுவே வால். இரண்டு முனையும் ஒன்றுபோலவே இருந்தாக வேண்டும். அலைக்காக மூக்கை வளைத்தால் வாலும் வளையும். வேகத்துக்காக வாலை நேராக்கினால் மூக்கும் நேராகிவிடும். எவ்வளவு திறமையான தச்சனாலும் இந்தச் சிக்கலை முழுதாக அவிழ்க்க முடியாது.

மூன்றாவது பலகை இந்தக் கட்டிலிருந்து விடுபட்டது. அது ஒரே திசையில் மட்டும் செல்வது. எனவே மூக்கில் தாராளமான வளைவு, நடுவில் அகலம், பின்னால் நேர்க்கோடு என்று மூன்றையும் ஒரே பலகையில் வைக்க முடிகிறது. பல பலகைகளில் மூக்கின் அடிப்பகுதியைச் சற்றே தோணியின் அடிபோலக் கூராக்கியும் விடுகிறார்கள். வாக்னர் சொன்ன கோணம் இங்கே வேலை செய்கிறது. வால் குறுகலாக இருப்பதால், பின்னங்காலை அழுத்தி அலைகளுக்கிடையே எளிதாகத் திருப்பலாம். உள்ளே நுரைப்பொருள் அடைத்திருப்பதால் ஏறத்தாழ 25 லிட்டர் கனஅளவு இருக்கும். 60 கிலோ மனிதரை மிதக்கவைக்க இது போதாது. ஆனால் காற்று ஒரு கணம் ஓய்ந்தால் உடனே அமிழ்ந்துபோகாமல் தாங்கும்.

நம் புதிருக்கு விடை இதுதான். விலையில்லாமல் எதுவும் கிடைக்காது என்பது உண்மையே. திசை திரும்பும்போது ஓடும் பலகையின்மேல் கால்களை இடம் மாற்ற வேண்டும். புதிதாகக் கற்பவர் அதில் பலமுறை விழுவார். அத்தகையவருக்கு, அகலமாக இருந்தும் முனைகளில் மட்டும் மிதமான வளைவும் சற்று நெகிழும் தன்மையும் உள்ள இருமுனைப் பலகையே நல்லது என்பேன். நெகிழும் முனை, வண்டியின் வில்லைப்போல் அறையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டின் தொடக்க காலத்தில் இருந்தவை ஒருதிசைப் பலகைகளே. பின்னர்தான் இருமுனைப் பலகை வந்து எங்கும் பரவியது. கொந்தளிப்பு நீருக்காகப் பலர் மறுபடியும் பழைய உருவத்தைத் தேடிச் சென்றிருக்கிறார்கள்.

கரை திரும்ப வேண்டுமே!

பலகையின் உருவம் சுகத்தை மட்டும் பொறுத்த செய்தி அன்று. பட்டம் எப்போதும் காற்று போகும் திசைக்கே இழுக்கும். பலகையின் விளிம்பை நீரில் கத்திபோல் சாய்த்து அழுத்தினால், பக்கவாட்டில் நழுவுவது தடைபடுகிறது. இந்தப் பிடிமானம் இருந்தால்தான் காற்று வரும் திசைக்குச் சற்றே சாய்வாக ஏறிச் சென்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடியும். வழுக்கும் நிலை அடிக்கடி தவறும் பலகையால் ஏற முடியாது. ஒவ்வொரு முறை அமிழும்போதும் பல மீட்டர் காற்றோடு அடித்துச் செல்லப்படும். கொந்தளிப்பில் விளிம்புக்கு அடியில் காற்றுக் குமிழிகள் புகுந்து பிடி நழுவுவதும் உண்டு. ஒருதிசைப் பலகையின் வாலுக்கு அடியில் பொருத்தப்படும், மீன் துடுப்பைப் போன்ற மூன்று துடுப்புகள் அப்போது பிடித்துக்கொள்ளும்.

அலையில்லாத நீராகப் பார்த்து இறங்கிவிட்டால் என்ன என்று தோன்றலாம். இராமேசுவரம் தீவை எடுத்துக்கொள்வோம். இங்கும் இந்த விளையாட்டு நடைபெறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா பக்கத்துக் கடலில் காற்று நீண்ட தூரம் தடையின்றி வீசி வருவதால் அலைகள் வளர்ந்திருக்கும். தீவின் வடபுறம், பாக் விரிகுடா பக்கம், நிலத்தைக் கடந்து வரும் காற்று அலையை வளர்க்க இடமில்லாமல் நீர் கண்ணாடிபோல் இருக்கும். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அல்லவா வீசுகிறது! காற்று குறைந்து, ஏறி வர முடியாமல் போனால் அது நம்மை நடுக்கடலுக்குத் தள்ளும். கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றே பாதுகாப்பானது. அந்தக் கரையிலோ பெரும்பாலும் கொந்தளிப்பு இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இரு பக்கங்களும் இடம் மாறிக்கொள்ளும். கொந்தளிப்பைத் தாங்கும் பலகை தேவைப்படுவது இதனால்தான்.

நீரோட்டமும் கொந்தளிப்பைப் பெருக்கும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா இதற்குப் பெயர்பெற்றது. கோடைக்காலத்தில் மேற்கிலிருந்து கோல்டன் கேட் வாயில் வழியாகக் காற்று உள்ளே வரும். கடல் வற்றும் நேரத்தில் நீர் அதே வாயில் வழியாக மேற்கு நோக்கி வெளியே பாயும். எதிர்நீரோட்டத்தில் சிக்கிய அலைகளின் நீளம் சுருங்கி, சரிவு செங்குத்தாகிவிடும். அதே காற்றில், கடல் பெருகும் நேரத்தில் அலைகள் தணிந்திருக்கும். எனவே பலகையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நீரேற்ற அட்டவணையைப் பார்ப்பது அறிவுடைமை.

நீரைத் தொடாத பலகை

அலையோடு சமாதானம் செய்துகொள்வதை விட்டுவிட்டு, அலைக்கு மேலேயே போய்விட்டால்? பலகைக்கு அடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டைப் பொருத்தி, அதன் அடியில் விமானச் சிறகு போன்ற ஒன்றை வைக்கிறார்கள். நீரடிச் சிறகு என்று இதை அழைக்கலாம். இந்த எண்ணம் பழையது. இத்தாலியரான என்ரிகோ ஃபோர்லானினி 1906இல் மஜ்ஜோரே ஏரியில் இத்தகைய படகை ஓட்டினார். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் குழுவினர் அமைத்த படகு 1919இல் கனடாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

நீரின் அடர்த்தி காற்றைப்போல் 800 மடங்குக்கும் மேல். அதனால் மிகச் சிறிய சிறகே ஒரு மனிதரைத் தூக்கப் போதும். அது அலைகளின் கொந்தளிப்பு குறைந்த ஆழத்தில் அமைதியாக நகர, மேலே பலகை நீரைத் தொடாமல் பறக்கும். சிற்றலைகள் மெல்லிய தண்டை மட்டும் உரசிக்கொண்டு போகும். ஒலிம்பிக்கில் பயன்பட்டவை இத்தகைய பலகைகளே. மெல்லிய காற்றுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இன்றுவரை இல்லை. ஆனால் சிறகின் விளிம்பு கூரானது. விழும்போது மேலே பட்டால் காயப்படுத்தும். விலையும் அதிகம். இடுப்பளவு ஆழத்தில் சிறகு மணலில் குத்தி நின்றுவிடும். ஆளோ முன்னால் தூக்கி எறியப்படுவார். பாக் விரிகுடாவின் ஓரங்களைப்போலக் கடற்புல் அடர்ந்த இடங்களில் புல் தண்டில் சுற்றிக்கொண்டு வேகத்தைத் தின்றுவிடும். அத்தகைய ஆழமற்ற நீரில் மூக்கு வளைந்த ஒருதிசைப் பலகைதான் இன்னும் கைகொடுக்கிறது.